கவுன் பொருந்திய கொலைகாரி

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு உள்ளே வேலை பார்ப்பவளின் முகம் தெரியாது, குரல் தெரியும். "மூச்ச இழுங்க. புடிச்சுக்குங்க. விடச் சொன்னேனா? நான் விடச் சொன்னேனா?" கை ஒடிந்து வந்தவர்கள்கூட அந்தக் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து ஒழுங்காக உட்கார்ந்துகொள்வார்கள். ஆள் என்னவோ குள்ளம்தான். அதனாலும், சட்டென்று வெடிப்பதாலும் வீட்டில் கடுகு என்று கூப்பிட்டுப் பழகி, அது ஆஸ்பத்திரிவரை வந்து ஒட்டிக்கொண்டது. பெரிய டாக்டர் ஒரு முறை வாய் தவறி "கடுகம்மா" என்று அழைத்துவிட்டு, அப்புறம் கொஞ்ச நாளைக்கு அந்த வராந்தாவையே சுற்றிக்கொண்டு போனார்.

கோபக்காரர்களைப் பற்றிச் சமாதானமாக ஒரு பேச்சு உண்டு, அவர்கள் மனசில் ஒன்றும் இருக்காது என்று. கடுகு விஷயத்தில் அது சுத்தப் பொய். அவள் மனசில் இருந்ததுதான் வெளியே வந்தது. காய்கறிக்காரர், பஸ் கண்டக்டர், மாடி வீட்டில் ஆணி அடிப்பவர் என்று அன்றாடச் சண்டைகள் ஒரு பக்கம் இருக்கட்டும். அவற்றையெல்லாம் அவளே மறுநாள் மறந்துவிடுவாள். அடியில் ஒரு கோபம் அணையாமல் இருந்தது. அது அவள் அம்மாவுக்காக.

அம்மா ஒரு காலத்தில் கொலைகாரி. திரையில்தான்.

படம் பேச ஆரம்பித்த புதிதில் ஒரு தொல்லை வந்தது. ஊமைப் படம் என்றால் நடுநடுவே வரும் எழுத்து அட்டையை மட்டும் மாற்றி எந்த நாட்டுக்கும் விற்கலாம். பேசுகிற படத்தை என்ன செய்வது? ஒருவர் வாய்க்கு இன்னொருவர் குரல் கொடுக்கும் வித்தை அப்போது சரியாகக் கைவரவில்லை. ஆகவே முதலாளிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பகலெல்லாம், ஊரில் எல்லாரும் பேசுகிற பெரிய மொழியின் நடிகர்கள் நடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பொழுது சாய்ந்ததும் இரண்டாவது கூட்டம் உள்ளே வரும். அதே அறை, அதே மேஜை, அதே துப்பாக்கி, அதே பிணம் விழுகிற கம்பளம். தரையில் பகல்காரர்கள் நின்ற இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டிருக்கும். அந்த வட்டத்துக்குள் நின்று அதே கதையை வேறு மொழியில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். துப்பறியும் படம், கொலைப் படம் என்றால் இந்த ஏற்பாடு கட்டாயம் உண்டு. கொலைக்கு எல்லா மொழியிலும் கிராக்கி.

அம்மா தொப்பிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண். தூர தேசத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், வீட்டில் அந்தத் தேசத்து மொழி. ஸ்டூடியோக்காரர்களுக்கு அந்த மொழி பேசுகிற பெண் ஒருத்தி வேண்டியிருந்தது. வந்த பெண்களை எல்லாம் வரிசையில் நிறுத்தினார்கள். யாரையும் பேசச் சொல்லவில்லை. நட்சத்திர நடிகைக்குத் தைத்த கவுனை ஒவ்வொருத்தி மேலும் போட்டுப் பார்த்தார்கள். இன்னொன்று தைக்க அவர்களுக்கு மனசில்லை. அம்மாவுக்குக் கவுன் பொருந்தியது, அம்மா நடிகை ஆனாள்.

"அவ கழட்டிப் போடுவா, நான் எடுத்து மாட்டிப்பேன்," என்பாள் அம்மா. "சொதசொதன்னு இருக்கும். அவ வேர்வை, அவ சென்ட்டு. ஒரு நாளாவது காய வெச்சுக் குடுத்திருப்பாங்களா?"

சொல்லும்போது அம்மா சிரிப்பாள். சிறு பெண்ணாக இருந்த நாளிலேயே கடுகுக்கு அதைக் கேட்கும்போது வயிறு எரியும்.

அம்மா நடித்த படத்தின் கடைசியில் கொலைகாரி போலீஸ் அதிகாரி முன்னால் உட்கார்ந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிற கட்டம். தன்னை மிரட்டிக்கொண்டே இருந்தவனைச் சுட்டுவிட்டவள் அவள். பகலில் நட்சத்திரம் அந்தக் கட்டத்தில் அழுதாள். அந்த அழுகைக்காகவே படம் பேர் வாங்கியது. சாயங்காலம் அம்மாவையும் அழச் சொன்னார்கள். இரண்டாவது கூட்டத்தின் டைரக்டருக்கு அம்மாவின் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. கையில் ஓட்டப்பந்தயக் கடிகாரம் வைத்திருப்பான். பகலில் எடுத்த கட்டத்தின் நீளத்துக்கு இதுவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் டைரக்ஷன்.

"அன்னிக்கி கவுன் பிழிஞ்சா தண்ணி சொட்டும்போல இருந்துது," என்பாள் அம்மா. "அழுகை வரல. வேற என்னமோ வந்துடுச்சு. எழுதிக் குடுத்தத அப்படியே விட்டுட்டு எனக்குத் தோணினதச் சொன்னேன். அந்த அதிகாரி வேஷம் போட்டவரு மிரண்டு போயிட்டாரு. இவன் கடிகாரத்தப் பாத்தான். நேரம் சரியா இருக்கு, அடுத்ததுக்குப் போலாம்னுட்டான்."

"என்னம்மா சொன்ன?"

"படத்தப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது."

அந்தப் படத்தைத்தான் அம்மா பார்க்கவே இல்லை. அது கப்பலேறி அந்தத் தூர தேசத்துக்குப் போனது. எடுத்த ஊரில் ஒரு நாள்கூட ஓடவில்லை. கொஞ்ச காலத்தில் குரல் கொடுக்கும் வித்தை கைவந்துவிட, இரண்டாவது கூட்டத்தாரை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்து, மற்றவர்களை ஒருவரோடொருவர் பேச வைத்தே தலை நரைத்தாள். தன் முகம் திரையில் எப்படி இருந்தது, தன் குரல் எப்படிக் கேட்டது என்று அவளுக்குத் தெரியாது. ஊருக்கே தெரிந்தது அந்த இன்னொருத்தியின் அழுகை.

இப்போது அம்மாவுக்குக் கண் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. நேரே வைத்தால் தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. கண் டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, கடுகைத் தனியாகக் கூப்பிட்டு, இருப்பதைக் காப்பாற்றலாம், எவ்வளவு நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார். அன்று சாயங்காலம் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, சும்மா கேட்பதுபோல், "அந்தப் படம் எங்கயாவது இருக்குமாடி?" என்று கேட்டாள். அம்மா தனக்கென்று எதையும் கேட்டு கடுகு பார்த்ததில்லை. அடுத்த நாளே தேட ஆரம்பித்தாள்.

கேமரா ரிப்பேர் கடைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸ் அவளை டயர் கடை மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பழைய குற்றப் படங்களின் வேறுமொழிப் பிரதிகளைச் சேகரிப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே கூடினார்கள். ரப்பர் நாற்றம் அடிக்கும் அறை. ஒரு மருந்துக் கடைக்காரர், ஒரு வரி ஆபீஸ் குமாஸ்தா, பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவர், இன்னும் சிலர். அண்ணன் இந்தச் சுவரோரம் உட்கார்ந்தால் தம்பி அந்தச் சுவரோரம். தலைவர் ஒரு ரிட்டையர்டு சர்வேயர். நிலம் அளந்த கை சும்மா இருக்குமா? படச்சுருளில் ஒரு சட்டத்தைப் பெரிதாக்கி, ஸ்கேல் வைத்து, நாற்காலிக்கும் கதவுக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்துகொண்டிருந்தார்.

அவர்கள் படம் பார்க்கும் விதமே தனி. சுவரில் இரண்டு வெள்ளைத் துணி, இரண்டு புரொஜெக்டர். இந்த மொழிப் படமும் அந்த மொழிப் படமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். சத்தத்தை நிறுத்திவிடுவார்கள், இரண்டும் சேர்ந்து கேட்டால் இரைச்சல் என்று. அந்த மொழி யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. சாம்பல் கிண்ணத்தில் இங்கே எத்தனை சிகரெட் துண்டு, அங்கே எத்தனை துண்டு என்று பெரிய மனுஷர்கள் தொண்டை வறளச் சண்டை போடுவார்கள். பேசும் படத்தை மறுபடி ஊமையாக்கிப் பார்க்கிற கூட்டம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

கடுகு படத்தின் பெயரைச் சொன்னதும் சர்வேயர் கையிலிருந்த ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"ரெண்டாவது மொழியிலயா? எங்கிட்ட இருக்குங்களே! வேற எங்கயும் கிடையாது. நான் எல்லா இடத்திலயும் விசாரிச்சுட்டேன்."

கடுகுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதில் நடித்தவள் என் அம்மா, உயிரோடு இருக்கிறாள் என்றாள். சுவருக்குச் சுவர் உட்கார்ந்திருந்த அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சர்வேயர் டேப்ரிக்கார்டரோடு வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷர், செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தார். அம்மா காலைத் தொட்டுக் கும்பிடாத குறை. பிறகு பொத்தானை அழுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். நட்சத்திரம் நிஜத்தில் நல்ல உயரமா? அவள் கவுன் என்ன நிறம், படத்தில் சாம்பலாகத்தானே தெரிகிறது? அவள் என்ன சென்ட் போடுவாள்? கோபக்காரி என்கிறார்களே, உண்மையா? அம்மா பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அடுக்களையில் கடுகு பாத்திரங்களை உடைக்காத குறையாகத் துலக்கிக்கொண்டிருந்தாள். அவர் கடைசிவரை, நீங்கள் எப்படி நடித்தீர்கள் அம்மா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் கிளம்பும்போது கடுகு வாசலில் வைத்து மடக்கினாள்.

"எப்ப சார் காட்டுவீங்க? அம்மாவுக்குக் கண்ணு போயிட்டிருக்கு. இப்பவே எங்க வீட்டுச் செவுத்துலயே போடுங்களேன்."

"ஐயையோ, பழைய சுருள் அடிக்கடி ஓட்டக் கூடாதுங்க. கிழிஞ்சுடும். எங்க ஆண்டு விழா வருது, ஹால் எடுத்திருக்கோம். உங்க அம்மாவத் திரையில காட்டறது என் பொறுப்பு. போதுமா?"

வாழ்க்கையில் ஒருத்தரையும் அவ்வளவு லேசில் நம்பாதவள் அந்த மனுஷரை நம்பினாள். எக்ஸ்ரே ஃபிலிமைக் கையால் தொட்டாலே வள்ளென்று விழுகிறவள் அவள். ஆகவே, பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னது அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

விழா நாளன்று அம்மா காலையிலேயே தயாராகிவிட்டாள். இருந்ததில் நல்ல உடுப்பு, துடைத்துத் துடைத்துப் பளபளத்த கண்ணாடி. கடுகின் வீட்டுக்காரர் ஐஸ் லாரி ஓட்டுகிறவர், ஒரு வார்த்தைக்கு ஒன்பது முறை யோசிக்கிற சாது. "மாமியாரு இன்னிக்கி யாரையாவது சுட்டுடப் போறாங்க, நான் வண்டிக்குப் போறேன்பா," என்று நழுவினார். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். பஸ்ஸில் போகும்போது மகள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹாலில் நடுவரிசையில், நேராகப் பார்க்க வசதியாக உட்காரவைத்தார்கள்.

விளக்கு அணைந்தது. திரையில் நட்சத்திரம் வந்தாள், பெரிய மொழியில் பேசினாள்.

"இது அவ படம்டி," என்றாள் அம்மா மெதுவாக.

"முதல்ல இதப் போடுவாங்கம்மா. அடுத்தது உன்னுது."

கொஞ்ச நேரம் கழித்து ஹோட்டல் நடைவழி. கொலை செய்துவிட்டு அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, லிஃப்டை நோக்கித் தயங்கித் தயங்கி நடந்து போகிறாள். ஹாலில் கைதட்டல் எழுந்தது. அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"அது நானு."

"என்னம்மா?"

"அது அவ இல்ல, நானு. கவுன்தான் எனக்குச் சரியா இருந்துது. அவ செருப்பு பெருசு. கழண்டுரும்னு இழுத்து இழுத்து நடக்கறேன் பாரு."

அப்புறம் மாடிப்படி ஏறும் இடத்தில் ஒரு முறை, ஜன்னலோரம் இருட்டில் நிற்கும் இடத்தில் ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் அம்மா "நானு" என்றாள். அடுத்த கணம் அந்த உருவம் திரும்பினால் நட்சத்திரத்தின் முகம். என்ன நடந்திருக்கிறது என்று கடுகுக்குப் பாதி புரிந்துவிட்டது, மீதியைப் புரிந்துகொள்ள அவள் விரும்பவில்லை. கடைசிக் கட்டம் வந்தது. நட்சத்திரம் அழகாக அழுதாள். படம் முடிந்து விளக்கு எரிந்தது. அடுத்த படம் எதுவும் போடவில்லை.

சர்வேயர் மேடையேறினார். முகம் பூரித்திருந்தது. பெரிய மொழிப் படம் இதுவரை முழுசாக யாரிடமும் இல்லை, பல இடங்களில் துண்டு துண்டாகப் போயிருந்தது என்றார். இரண்டு மொழியிலும் அதே அரங்கு, அதே உடை என்பதால், இல்லாத இடங்களை இரண்டாவது பிரதியிலிருந்து வெட்டி ஒட்டித் தம் கையாலேயே படத்தை முழுமையாக்கிவிட்டதாகச் சொன்னார். ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடிந்ததா என்று சபையைக் கேட்டார். முடியவில்லை என்று சபை கைதட்டியது. அந்த நடைவழிக் காட்சியில் நட்சத்திரத்தின் தயங்கும் நடையில் குற்ற உணர்ச்சியையே பார்க்கலாம் என்று மருந்துக் கடைக்காரர் எழுந்து சொன்னார்.

அது குற்ற உணர்ச்சி இல்லை, பெரிய செருப்பு. அதையும் அந்த இன்னொருத்தி கணக்கில்தான் எழுதினார்கள்.

கடுகு எழுந்தாள். "சார், எங்க அம்மா படம் எப்ப?"

"போட்டாச்சுங்களே!" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "அம்மாவத் திரையில காட்டறேன்னு சொன்னேன், மூணு இடத்துல வராங்க. நீங்க பாக்கலியா?"

"முதுகு வருது."

"வாய் தெரியாத இடமா பாத்து எடுத்தேங்க. வாய் தெரிஞ்சா பேச்சு ஒட்டாது பாருங்க."

"வாய் தெரியற இடமெல்லாம்?"

"அது உதவாதுங்களே."

கடுகு மேடையை நோக்கி நடந்தாள். "உதவாதத என்ன சார் பண்ணினீங்க?"

அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய காரியம் என்றே அவருக்குப் படவில்லை. பழைய சுருள் சட்டென்று தீப்பிடிக்கிற சமாசாரம், வீட்டில் வைத்திருப்பது ஆபத்து, அதனால் கொல்லையில் குழி வெட்டி, வாளியில் மணல் எல்லாம் வைத்துக்கொண்டு பத்திரமாக எரித்துவிட்டேன் என்றார். "ஆனா முகம் நல்லா விழுந்த இடங்கள மட்டும் வெட்டி வெச்சிருக்கேன். இன்னிக்கி வந்தவங்களுக்கு ஞாபகார்த்தமா ஆளுக்கு ஒண்ணு." அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினார். சின்னச் சின்ன அட்டைச் சட்டம், நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு ஃபிலிம். வாசலருகே சிலர் கையில் ஏற்கெனவே இருந்தது. ஒருவர் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓரத்துல கோடு கோடா தெரியுது பாருங்க, பேச்சு ஃபிலிம்ல அப்படித்தான் பதிவாகும், அதுதான் அவங்க குரல்," என்றார் சர்வேயர் பெருமையாக.

கடுகு அந்தப் பெட்டியைப் பிடுங்கினாள். நேரே போய் வாசல் கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து நின்றாள்.

"ஒருத்தரும் வெளிய போகக் கூடாது. எங்க அம்மா மூஞ்சி உங்க சட்டைப் பையில எதுக்கு? வெய்யுங்க இதுல."

"அம்மா, இது எங்களுக்குக் குடுத்தது..." என்று இழுத்தார் குமாஸ்தா.

"யாரு குடுத்தது? யாரு மூஞ்சிய யாரு குடுக்கறது? பாஷை தெரியுமா உங்களுக்கு? ஒருத்தருக்காவது தெரியுமா? அவ என்ன பேசினான்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் சத்தத்த வெச்சுக் கேட்டீங்களா? சிகரெட்டுத் துண்டு எண்ணத் தெரிஞ்சுது, மனுஷி பேசினது தெரியல? இவரு ஒட்டுப் போட எங்க அம்மா என்ன பழைய பாவாடையா? வெய்யுங்கறேன்!"

வைத்தார்கள். ஒவ்வொருவராக வந்து, தலையைக் குனிந்துகொண்டு பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். அண்ணனும் தம்பியும்கூட ஒன்றாக வந்து போட்டார்கள். கடுகுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவள் திட்டியதில் பாதி அவர்களுக்குக் கேட்டிருக்காது, ஆனால் அந்தக் குள்ளமான உருவத்தைத் தாண்டிப் போக ஒருத்தருக்கும் தைரியமில்லை.

சர்வேயர் மேடையிலிருந்து இறங்கி அம்மாவிடம் வந்தார். முகம் வெளிறியிருந்தது. செய்த காரியம் இப்போதுதான் அவருக்கு உறைக்க ஆரம்பித்திருந்தது. அதற்கும் அவருக்குத் தெரிந்த பரிகாரம் ஒட்டு வேலைதான். டேப்ரிக்கார்டரை எடுத்து அம்மா மடியருகே நீட்டினார்.

"தப்பாயிடுச்சும்மா. அந்தக் கடைசிக் கட்டத்துல நீங்க பேசினத இப்பச் சொல்லிடுங்க. பதிவு பண்ணி வெச்சிடறேன். குரலாவது மிஞ்சட்டும்."

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரை நேருக்கு நேர் பார்த்தாள். எத்தனையோ வருஷம் அந்நியர்களிடம் மரியாதையாகப் பேசிப் பழகிய குரல்.

"மாட்டேன். எரிச்ச கைக்கு அதச் சொல்ல மாட்டேன். அத நிறுத்துங்க."

பொத்தான் டக்கென்று மேலே வந்தது. அம்மா எழுந்து மகள் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

பஸ்ஸில் கூட்டமில்லை. பெட்டி கடுகின் மடியில் இருந்தது. கோபம் அடங்கவில்லை என்றாலும், அம்மா அவருக்குக் கொடுத்த பதிலை நினைக்க நினைக்க அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஆளுக்கு வேண்டியதுதான். வீட்டுக்குப் போனதும் கேட்கலாம் என்று நினைத்தாள். அதுவரை பொறுக்க முடியவில்லை.

"அவருக்குச் சொல்லலன்னது சரிம்மா. எங்கிட்ட சொல்லு. அன்னிக்கி என்ன சொன்ன?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். ஒரு சட்டத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். அதில் ஓர் இளம்பெண் வாயைத் திறந்திருந்தாள். அம்மா அந்த வாயையே பார்த்தாள். தன் உதட்டையும் அதுபோல் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"ஞாபகம் இல்லடி," என்றாள். "எப்பவோ மறந்துபோச்சு. சொன்னதுதான் ஞாபகம் இருக்கு, என்ன சொன்னேன்னு இல்ல. படத்தப் பாத்தா தெரிஞ்சுக்கலாம்னுதான் வந்தேன்."

கடுகு முன் சீட்டின் கம்பியில் ஓங்கிக் குத்தினாள். அங்கே உட்கார்ந்திருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். கடுகு அவரை முறைத்தாள். அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.